பல்பு எரியவில்லை

செவ்வாய், இரவு.

நான் படித்தது தாவரவியல். பத்தாம் வகுப்புக்கு மின்சாரமும் நானே நடத்துகிறேன். இன்று பலகையில் வரைந்த மின்சுற்றில், பல்பின் இரு முனைகளையும் ஒரு வெறும் கம்பி இணைத்திருந்தது. பல்பு மங்கலாக எரியும் என்றேன்.

"எரியவே எரியாது மிஸ். கரன்ட் எல்லாம் கம்பி வழியாவே போயிடும்" என்றாள் ஷபானா.

"அப்போ நீயே வந்து நடத்துறியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் தலை குனிந்தாள்.

மாலையில் பிள்ளைகள் சிறப்பு வகுப்பில் இருந்தபோது, ஆய்வகத்தில் தனியாக இணைத்துப் பார்த்தேன். கம்பியை வைத்ததும் பல்பு அணைந்தது. கம்பி கையைச் சுட்டது.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஒரே கூட்டம். ஷபானா எழுந்து, "இங்க உக்காருங்க மிஸ்" என்றாள். உட்கார்ந்து, அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டு அவள் எனக்கு நன்றி சொன்னாள்.