மறைந்தான் என்ற சொல்

12-3-1944, ஞாயிறு

சாயங்காலம் தோட்டத்து லய வரிசை வீடுகளின் வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே எல்லாரும் கதை கேட்டார்கள். அட்டை கிழிந்துபோன மர்ம நாவல் அது. நான்தான் தினமும் வாசிக்கிறேன். கதையில், ரேஞ்சர் என்ற வன அதிகாரியோடு காட்டுத்தீயை அணைக்கப் போன முத்தையன் திரும்பவே இல்லை. இன்றைய அத்தியாயம், "அன்றே முத்தையன் மறைந்தான்" என்று முடிந்தது.

"அந்த ரேஞ்சர்தான் கொன்னுருப்பான். சும்மா சும்மா மீசைய முறுக்குறான்லா," என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா.

"மீசை வச்சவன்லாம் கொலகாரன்னா, ஒன் வீட்டுக்காரனத்தான் மொதல்ல புடிக்கணும்," என்றாள் ராக்காயி அத்தை. எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "யாரும் கொல்லல. மறைஞ்சான்னுதானே எழுதியிருக்கு? செத்தான்னு எழுதலையே. எங்கியோ ஒளிஞ்சிருக்கான், வந்துருவான்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ படிக்கிற புள்ள, நீ சொல்லு."

இறந்தவரைப் புத்தகங்களில் மறைந்தார் என்று எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. யார் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துகிறவள் நான். இன்று, "அப்படியும் அர்த்தம் இருக்கும்மா," என்றேன். அம்மா மறுபடி கிழங்கைக் கையில் எடுத்தாள்.

இப்போது அடுத்த அத்தியாயத்தைத் தனியாக வாசித்துவிட்டேன். முத்தையனின் உடல் ஓடையோரம் கிடைக்கிறது. நாளை அம்மா முன்னால் இதை எப்படி வாசிப்பது? இப்படிப்பட்டதையெல்லாம் நான் அப்பாவிடம்தான் கேட்பேன். ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடக் கூட்டிப்போனதிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. அப்பா சயாமில் இருக்கிறார்.

இருக்கிறார் என்றுதான் எழுதுகிறேன்.