தகட்டில் ஒளிந்திருந்த வருஷம்

அன்புள்ள கூட்டாளிக்கு,

கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். 'ழ' மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் எழுதுவது நானேதான். நீ போன பிறகு சேர்ந்த முதியோர் மாலை வகுப்பில் ஆங்கில எழுத்தும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள்.

நேற்று நம் கடைக்கு ஒருவன் மரம் அறுக்கும் பழைய செயின் ரம்பத்தை விற்க வந்தான். "வாங்கி அஞ்சு வருஷம்கூட ஆகல பெரியவரே" என்றான். கயிற்றை இழுத்தேன், இன்ஜின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. சத்தம் கேட்பது என் வேலை, மெஷினில் கம்பெனிக்காரன் அடித்திருக்கும் தகட்டைப் படிப்பது உன் வேலை. "நான் இல்லாம ஒரு தகட்டைப் படிச்சிடுவியாடா நீ?" என்று கேட்டுவிட்டுத்தானே கோபமாகப் படியிறங்கினாய்?

படித்துவிட்டேனடா! மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, வாய்விட்டுப் படித்தேன். எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நடுவில் செய்த வருஷம் ஒளிந்திருந்தது.

"தம்பி, இது உனக்கு அண்ணன்டா" என்றேன். அவனே சிரித்துவிட்டுப் பாதி விலைக்கு இறங்கி வந்தான்.

இனி தகடு படிக்க எனக்கு ஆள் வேண்டாம். அதனால்தான் இப்போது தைரியமாகக் கூப்பிடுகிறேன். வேலைக்காக இல்லை, சும்மா வா.

வராவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவேன். படித்துப் படித்து உன் கண் வலித்தால் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
உன் சண்டைக்காரன்