பதினைந்து நாள் அவகாசம்

பிப்ரவரி 24, 2025 – திங்கள்

இன்று ஒரே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணனும் தம்பியும் கிணற்றுக்காக முட்டிக்கொண்டதில் மூன்று முறை மாற்றி மாற்றித் தட்டச்சு செய்தேன். விரல் வலிக்கிறது.

மாடி விஷயத்தை எழுதவே நோட்டை எடுத்தேன். ஜெயபிரகாஷ் குடிவந்து நான்கு மாதம். மருத்துவமனைகளுக்கு மிஷின் ரிப்பேர் பார்க்கிறேன் என்றான். தனி ஆள். வாரம் முழுக்க இருப்பதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார்கள் வருகின்றன. நேற்று நான்கு. எல்லாவற்றிலும் மாசமாக இருக்கும் பெண், துணைக்கு ஒரு வயதான பெண். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். கேட்டால் சொந்தக்காரர்களாம்.

இத்தனை பேருமா?

பிப்ரவரி 27 – வியாழன்

குப்பை வண்டிக்காரம்மா கேட்டாள்: “ஏனுங்க்கா, மேல ஆஸ்பத்திரி வெச்சிருக்கீங்களா?” அவன் போட்ட பையில் ஏழெட்டுக் காலி பாட்டில்கள். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவுவார்களே, அந்த ஜெல். என் மகள் அறிவுமதிக்கு ஸ்கேன் எடுத்தபோது பார்த்திருக்கிறேன்.

இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் வேலையே ஓடவில்லை.

மார்ச் 2 – ஞாயிறு

இனித் தெரியாது என்று சொல்ல முடியாது. துணி காயப்போடும் சாக்கில் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். ஒரு பெண் அழுதுகொண்டே இறங்கினாள். கூட வந்தவள் சொன்னாள், “அழுவாத அம்மிணி. இது போனாப் போவுது, அடுத்தது பையனாப் பொறக்கும்.”

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிறான். என் வீட்டில்.

வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார், போர் போடும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. “போலீசு கீலீசுன்னு போயிறாத கயலு. சீல் வெச்சா நம்மூட்டுக்குத்தான் வெப்பாங்க. காலி பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துப்போடு. காப்பி உன்ற கையில இருந்தாப் போதும்” என்றார்.

மார்ச் 3 – திங்கள்

பத்தொன்பது வருடமாகப் பத்திர எழுத்தரிடம் வேலை. எந்த ஆவணமும் தடங்கலில்லாமல் வரும். இந்த ஒரு கடிதம் வரவில்லை. ஆபீசில் அடித்தால் முதலாளி பார்ப்பார் என்று கையால் எழுதினேன்.

முதலில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன் – கருவில் இருப்பது என்ன என்று பார்த்துச் சொல்வதாக. பிறகு கிழித்தேன். அப்படி எழுதினால் எனக்குத் தெரிந்திருந்தது என்று ஆகிவிடும் அல்லவா? கடைசியில் இப்படி முடிந்தது:

“தாங்கள் குடியிருக்கும் மாடிப் பகுதியில் சட்டத்துக்குப் புறம்பான செயல் நடைபெறுவதாகத் தெரியவருகிறது. அதை உடனே நிறுத்தவும். இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கவும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, வீட்டு உரிமையாளர் வே. கயல்விழி.”

என்ன செயல் என்று ஒரு வார்த்தை இல்லை. கெட்டிக்காரிதான் நான்.

மார்ச் 4 – செவ்வாய்

கொடுத்துவிட்டேன். படியிலேயே நின்று படித்தான். முகம் மாறவில்லை. காப்பியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

“பதினஞ்சு நாளு குடுத்திருக்கீங்க, பெரிய மனசுங்க்கா உங்களுக்கு.”

திரும்பி இறங்கும்போது கூப்பிட்டான். “நாமகிரிப்பேட்டைல குடுத்திருக்கீங்களே, உங்க பொண்ணு – மறுபடியும் மாசமா இருக்காங்களாமா? மொதல்லயும் பொண்ணுதானுங்களே. ஒருக்கா கூட்டிட்டு வாங்க. பாத்துச் சொல்லிப்போடறேன்.”

யார் சொன்னது இவனுக்கு? கடகடவென்று இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 5 – புதன்

அறிவுமதி வயிற்றில் இருப்பது என்ன என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். நான்தான் நினைத்தேன். வேறு யார்மேலும் இதைப் போட முடியாது.

மார்ச் 9 – ஞாயிறு

இப்போது கார்கள் வாசலுக்கு வருவதில்லை. தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். ஆறு பேர். பிற்பகலுக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பின் வந்தவர்களை நான் பார்க்கவில்லை.

நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. இன்னும் பத்து நாள். அதுவரை நான் என்ன செய்ய முடியும்?

மார்ச் 12 – புதன்

வழியில் நிறுத்தி, சிரித்துக்கொண்டே சொன்னான்: “யாருகிட்டயும் போய்ப்போடாதீங்க்கா. நாஞ் சூட்கேசத் தூக்கிட்டுப் போயிருவேன். ஊட்டத் தூக்கிட்டுப் போவ உங்களால முடியாதுங்களே.”



மார்ச் 16 – ஞாயிறு



காலை பதினொரு மணி இருக்கும். வெளிக் குழாயடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. அவள் மாமியார் மேலே அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். பெயர் சித்ரா, மேச்சேரிப் பக்கம்.

“மூணாவதும் பொட்டப்புள்ளயாமுங்க்கா. நாளைக்கே எங்கியோ கூட்டிட்டுப் போறாங்களாம். அஞ்சு மாசம் ஆயிருச்சு, ஒதைக்குதுங்க்கா.”

“மாட்டேன்னு சொல்லு” என்றேன்.

“சொன்னனுங்க.” என் கதவைப் பார்த்தாள். “உங்க ஊட்டுக்குள்ள இருந்துக்கட்டுங்களா? எங்கண்ணனுக்கு போன் போட்டா சாயந்தரத்துக்குள்ள வந்துரும்.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. மேலே அவன் நிற்கிறானா என்று பார்த்தேன். அந்த நேரத்துக்குள் மாமியார் இறங்கி வந்துவிட்டாள். “வா சாமி, நேரமாவுது.” அன்பாகத்தான் கூப்பிட்டாள். சித்ரா டம்ளரைக் கழுவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பின்னாலேயே தெரு முனைவரை ஓடினேன். கார் கிளம்பிவிட்டது. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

சரி, வா உள்ளே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மார்ச் 17 – திங்கள்

லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் நாமக்கல் போனேன். சுகாதார அலுவலகம் திறக்கும்வரை வாசலில் நின்றேன். அதிகாரி ஒரு டாக்டரம்மா. எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை எந்த வார்த்தையையும் விடாமல் எழுதிக் கொடுத்தேன். கார் எண்ணை வாங்கி முதலில் அதை விசாரிக்கத்தான் போன் போட்டார்.

பிறகு என் நோட்டீஸ் காப்பியைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார்.

மிஷினோடு பிடித்தால்தான் வழக்கு நிற்குமாம். ஞாயிறுவரை அவன் காலி செய்யக் கூடாதாம். “நீங்களே பேசி இருக்க வைக்கணும்மா.”

மார்ச் 18 – செவ்வாய்

மாடி ஏறினேன். மகளுக்குப் பார்க்க வேண்டும், அதனால் மாசக் கடைசிவரை இருந்துக்குங்க தம்பி என்றேன். குரல் நடுங்கியது. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியுமுங்க்கா” என்றான். “எல்லாருமே மொதல்ல இப்படித்தான் கோவப்படுவாங்க.”

கீழே வந்து குளித்தேன்.

மார்ச் 20 – வியாழன்

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே பெட்டி கட்டுகிறானோ என்று பதறுகிறது.

மார்ச் 23 – ஞாயிறு

பிடித்துவிட்டார்கள். இரண்டாவது கார் வந்த கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவும் போலீசும் ஏறினார்கள். மிஷின் ஒரு சின்ன சூட்கேசுக்குள் இருந்தது. போகும்போது என்னை ஒரு முறை பார்த்தான். மாடிக்கு சீல். கீழ்வீட்டை விட்டுவிட்டார்கள். தெருவே வந்து நின்றது.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கார் எண்ணை வைத்து சித்ரா வீட்டைக் கண்டுபிடிக்க மறுநாள் ஆகிவிட்டதாம். அதற்குள் யாரோ ஒரு போலி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறான். ரத்தப்போக்கோடு சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு இனி ஆபத்தில்லை.

குழந்தை இல்லை.

வீட்டுக்காரர் போன் செய்தார். “ஊட்டுக்கு ஒண்ணும் ஆவலயில்ல?” ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

மார்ச் 29 – சனி

சேலம் போனேன். அண்ணன்தான் துணைக்கு இருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனார். சித்ரா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். “தண்ணி குடுத்த அக்கா” என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்தபடியே கேட்டாள். “அங்க அப்படி நடக்கறது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?”

பஸ்ஸில் வரும் வழி முழுக்க வேறு என்னென்னவோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“தெரியும்” என்றேன். “நீ வர்றதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே தெரியும்.”

கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். போகச் சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து எழுப்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.