ஒன்று மட்டும் என்றால் எந்தக் கத்தி?

மச்சான்,

உன் கான்வஸ் சுருள் என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பை வைத்து உன் ஃபரீனா தைத்துக் கொடுத்தாளே, அதே பச்சைச் சுருள். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கட்டுகஸ்தோட்டைக்கு வரச் சொன்னாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு தெஹிவளையில் இருக்கப் போகிறாளாம். "அண்ணா, ஒங்களுக்குப் புடிச்சத ரெண்டு மூண்டு எடுத்துக்கோங்க. மிச்சத்த மகன் தெரிஞ்ச ஆக்களுக்குக் குடுத்துருவான்" என்றாள். நீ இல்லாத உன் கதிரைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எனக்கு எதையும் எடுக்க வரவில்லை. தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம். வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சுருளோடு அம்பிட்டிய வந்து சேர்ந்தேன்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் சுருளை விரிக்கிறேன். நாலைந்தை ஒதுக்கி வைக்கிறேன். முகம் கழுவி வருவதற்குள் அது தப்பாகத் தோன்றுகிறது, மறுபடி எல்லாவற்றையும் பைகளுக்குள் போடுகிறேன். சந்திராவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னங்க, மூணு வேளையும் அடுப்படியில நின்னுக்கிட்டேவா சாப்பிடுறது? ரெண்டு கத்திய எடுக்க இவ்வளவு நாளா?" என்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் எனக்குப் பிடித்ததை எடுப்பதா, உனக்குப் பிடித்ததை எடுப்பதா என்றே நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உனக்குப் பிடித்தது எது என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லையே.

நாம் பழகியதே ஒரு கத்தியால்தான். நான் கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நின்ற காலம். நீ மருந்துக் கம்பனிப் பிரதிநிதியாகக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பெரிய தோல்பையோடு வருவாய். ஒரு நாள் சிரப் போத்தல் பெட்டியொன்றைத் திறக்க நான் சாவியால் குத்திக்கொண்டிருந்தேன். நீ பேசாமல் கவுண்டருக்கு மேலால் கை நீட்டி, மான்கொம்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியால் ஒரே இழுப்பில் ஒட்டுத்தாளைக் கிழித்தாய். "இது மன்னார்ல வாங்கின. புடிச்சுப் பாரு" என்று என் கையில் வைத்தாய். வரிசையில் நின்ற ஆட்களை மறந்து நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதலாளியிடம் ஏச்சு வாங்கியது நான். சிரித்துக்கொண்டே போனது நீ.

நாடு முழுக்கச் சுற்றுகிற வேலை உனக்கு. மற்றப் பிரதிநிதிகள் போகிற ஊரிலிருந்து பனங்கட்டியும் முந்திரியும் கொண்டுவருவார்கள். நீ கத்தி கொண்டுவருவாய். நீர்கொழும்பில் மீன் அறுக்கும் ஒல்லிக் கத்தி, பருத்தித்துறையில் கள் சீவுகிறவரிடம் கெஞ்சி வாங்கிய பாளைக் கத்தி, பிலிமத்தலாவையில் வெள்ளிப் பூவேலை செய்த கண்டிக் கத்தி. எங்கள் அப்பா தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிய கத்தியை நானே கொண்டுவந்து கொடுத்தேன். அதை நீ வாங்கிய விதம் எனக்கு மறக்காது. கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாய். தோட்டத்தில் யாரும் எங்கள் அப்பாவிடம் அப்படி எதையும் வாங்கியதில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் உன் வீட்டு மேல்மாடியில் பத்திரிகையை விரித்து எல்லாவற்றையும் அடுக்குவாய். பிறகு அந்த விளையாட்டு. "செல்லு மச்சான், இப்ப ஓடணும். கையில ஒண்டு மட்டும்தான் எடுக்க ஏலும். எது?" நான் ஒன்றைத் தொடுவேன். ஏன் என்று குறுக்கு விசாரணை செய்வாய். காட்டுக்குள் ஓடுவதென்றால் பாளைக் கத்தி. கடற்கரைக்கு ஓடுவதென்றால் மீன் கத்தி. விற்றுச் சாப்பிடுவதென்றால் வெள்ளிப்பிடி. "நீ எதை எடுப்பாய்?" என்று நான் கேட்டால் மட்டும், "நான் கேக்கிற ஆள். கேள்வி என்னோட, பதில் ஒன்னோட" என்று நழுவிவிடுவாய். உண்மையில் ஓடித் தெரிந்தவன் நம் இருவரில் நான்தான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளை எரித்தபோது, உடுத்த சாரத்தோடு தேயிலைக்குள் ஓடினோம். யாரும் எதையும் தேர்ந்து எடுக்கவில்லை. அம்மா எதற்கென்றே தெரியாமல் ஒரு வெறும் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதை உனக்கு ஒருமுறை சொன்னேன். அன்றைக்கு நீ விளையாட்டை நிறுத்திவிட்டுக் கத்திகளைச் சுருட்டினாய். அடுத்த ஞாயிறு நானாகத்தான், "சரி, கேள்" என்றேன்.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. தேவாலயங்களில் குண்டு வெடித்து, நாடு முழுக்கச் சாவு வீடாகி, அதற்குப் பின்னால் உங்கள் முஸ்லிம் ஆட்களின் வீடுகளில் பொலிஸ் தேடுதல் தொடங்கியது. கத்தி வைத்திருந்தார்கள் என்று ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. மாங்காய் வெட்டும் கத்தியைக்கூடச் சிலர் கிணற்றில் போட்டார்கள். நோன்பு மாதம். பகல் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு உன் அழைப்பு வந்தது. "மச்சான், கெதியா வா." அவ்வளவுதான் சொன்னாய்.

நான் வந்தபோது மேல்மாடியில் பத்திரிகை விரித்திருந்தது. எல்லாக் கத்திகளும் வரிசையாக. ஃபரீனா வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து ஒழுங்கையில் தேடுதலுக்கு வந்த வாகனங்கள் நின்றிருந்தன. "குசினிக்கு, சமைக்க எண்டு செல்லக்கூடிய மாதிரி ரெண்டு மூண்ட வச்சிட்டு மிச்சத்த ஆத்துல போடுங்க" என்று அவள் கெஞ்சினாள். நீ மீன் கத்தியை எடுத்தாய், வைத்தாய். மான்கொம்பை எடுத்தாய், வைத்தாய். நோன்பு வாய், உதடெல்லாம் வெடித்திருந்தது. மற்றவர்களிடம் கேள்வி கேட்டே பழகிய நீ, உனக்கு என்று ஒரு பதில் சொல்லத் தெரியாமல் தரையில் குந்தியிருந்தாய்.

"எல்லாத்தையும் குடு, அம்பிட்டியவுக்குக் கொண்டு போறேன்" என்றேன்.

"பைத்தியமா? ஒன்ட அடையாள அட்டையிலயும் தமிழ்ப் பேர்தானே எழுதியிருக்கு" என்றாய்.

"பரவாயில்ல."

"நீ ஒருக்கா உள்ளுக்கு இருந்துட்டு வந்த ஆள். போதும்."

யுத்த காலத்தில் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது பொலிஸ் என்னைப் பிடித்து வைத்திருந்த கதையைத்தான் சொன்னாய். நான் உன்னிடம் அதை அதிகம் பேசியதில்லை. நீ மறக்கவில்லை. அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை மட்டும் எடுத்து என் பக்கம் நீட்டினாய். "இது மட்டும். இது ஒங்க அப்பாட. தோட்டத்து ஆள் கையில இது இருந்தா யாரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க." நான் வாங்கக் கை நீட்டினேன். நீ கத்தியைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்தாய். பிறகு கத்தியைத் திரும்பவும் பத்திரிகையில் வைத்துவிட்டாய்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் குமாரி அக்கா படியேறி வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். உன் மகனை இந்த உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தவர். இடுப்பில் உடுப்புக் கூடை. நம்மை ஒன்றும் கேட்கவில்லை. நாலு தரம் குனிந்து எல்லாவற்றையும் ஈரத் துணிகளுக்கு அடியில் போட்டார். "எங்கட குசினி பெருசு, இதுக்கெல்லாம் இடம் இருக்கு. நீங்க போய்த் தேட வர்ற ஆம்பிளையளுக்குக் கதவத் திறந்து விடுங்க" என்று ஃபரீனாவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சிங்கள வீட்டில் யாரும் தேட மாட்டார்கள். தேட வந்தவர்கள் அலுமாரியைக் கொட்டினார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், என் அடையாள அட்டையை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்கள். குசினிக் கத்தி ஒன்றை மேசையில் வைத்து ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டுப் போனார்கள். நீ அந்த நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

வருடம் முடிவதற்குள் குமாரி அக்காவின் கூடை அப்படியே திரும்பி வந்தது. ஒரு கத்தி குறையவில்லை. நீ சுருளைக் கட்டி அலுமாரிக்கு மேலே எறிந்தாய். அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் நான் வந்தேன். சீனி வியாதி, கிரிக்கெட், மகனின் வேலை என்று பேசினோம். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சுருளை எடேன், பாப்போம்" என்றேன். "வேணாம் மச்சான். இப்ப அது வெறும் இரும்பு" என்றாய். பிஸ்கட் பைக்கற்றைப் பல்லால் கடித்துத் திறந்தாய். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, சுபஹ் தொழுகை முடிந்து வந்து கதிரையில் சாய்ந்தவன் எழும்பவில்லை. உன் ஆசை உனக்கு முன்னாலேயே செத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவும் முந்தாநாள் எழுதி நிறுத்தியது. நேற்றுக் காலை அந்த நினைப்பு மாறிவிட்டது. அடுப்படியில் சந்திரா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். "இது நல்லா வெட்டுதுங்க. இத மட்டும் திருப்பிக் குடுத்துராதீங்க" என்றாள். பார்த்தேன். கறுப்பு மரப்பிடி போட்ட சின்ன மடக்குக் கத்தி. கடைசிப் பையில் பாளைக் கத்திக்கு அடியில் கிடந்ததாம், இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு கத்திக்கும் ஊரும் கதையும் எனக்குத் தெரியும் என்று பெருமைப்பட்டவன் நான். இதை நான் கண்டதே இல்லை. சோற்றுக்குக்கூட நிற்காமல் சுருளைக் கட்டிக்கொண்டு, அந்தக் கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

ஃபரீனா அதைக் கண்டதும் சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுவா? மவுத்தாகிறதுக்கு முந்தின வருஷம் வாங்கின. கிளினிக் போயிட்டு வரக்குள்ள பிலிமத்தலாவையில ஆட்டோவ நிப்பாட்டினார். ரோட்டோரமாப் பாய் விரிச்சு வச்சிருந்தான் ஒரு ஆள். அரை மணித்தியாலம் ஒவ்வொண்டா எடுத்துப் பாத்தார், அண்ணா. வெயில்ல நாங்க காஞ்சோம். வீட்டுக்கு வந்து மத்ததையும் எறக்கி எண்ணெய் போட்டுத் தொடச்சார். அதுக்குப் பொறகு அடிக்கடி தொடச்சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் செல்லச் சொன்னன். அவர் வேணாம் எண்டார். 'பாவம் அவன். அண்டைக்கு அவன்ட கை நடுங்கினத நான் பாத்தன். நான் திரும்பத் தொடங்கினது தெரிஞ்சா அவனுக்கு நித்திரை வராது' எண்டார்."

மச்சான், நான் உனக்காகப் பயந்து சுருளைப் பற்றிப் பேசுவதை விட்டேன். நீ எனக்காகப் பயந்து சுருளை ஒளித்து வைத்தாய். இரண்டு வயதான மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, பிஸ்கட் தின்றிருக்கிறோம். எத்தனை பின்னேரங்கள் வீணாகப் போயின. உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. உன் கதிரைதான் அங்கே இருந்தது.

மீதியைச் சுருளோடு திருப்பிக் கொடுத்தேன். அப்பாவின் கத்தியை ஃபரீனாவே உருவித் தந்தாள். அதைப் பற்றிப் பேச்சே இருக்கவில்லை. கறுப்புப் பிடியை நான் கேட்டு எடுத்தேன். அது நல்ல இரும்பு இல்லை, வெள்ளிவேலை இல்லை. ஆனால் உன்னை யாரும் கேள்வி கேட்காத ஒரு பகலில், நீயே நின்று நிதானமாக எடுத்தது.

வரும்போது உன் முற்றத்துக் கொய்யாக்களை ஃபரீனா பையில் போட்டுத் தந்தாள். பஸ் பாலத்தில் நெரிசலில் நின்றது. காலையில் சாப்பிடாத பசி. கத்தியை எடுத்து விரித்து ஒரு கொய்யாவை வெட்டினேன். பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா கத்தியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு துண்டை நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டார். என் கை இலேசாக நடுங்கியது. அது இனி நிற்குமென்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு துண்டு வெட்டினேன்.