சொல் வராத மனிதரின் வீட்டில்

நவம்பர் 12, புதன்

மாலையில் உப்பளம் பகுதியில் இருக்கும் கலா அக்கா வீட்டுக்குப் போனேன். வாரப் பத்திரிகையில் மூளையைப் பற்றி நான் எழுதும் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவராகவே போனில் கூப்பிட்டிருந்தார். கணவர் தேவராசுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. புத்தியும் போய்விட்டதென்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பேச்சு போனாலும் புரிதல் மிஞ்சியிருக்கலாம் என்று நான் எழுதியதைப் படித்த பிறகுதான், அக்கா அவரிடம் மறுபடி பேச ஆரம்பித்தாராம்.

"ஏங்க, இவங்கதான் அத எழுதுனது," என்றார் அக்கா.

தேவராசு என்னைப் பார்த்தார். வாயைக் கோணிக்கொண்டு முயன்றார். "தண்ணி, தண்ணி" என்றுதான் வந்தது. நான் சொம்பைத் தேடினேன்.

"தண்ணி கேக்கல. எல்லாத்துக்கும் அவருக்கு அந்த ஒரு வார்த்ததான் வருது. உங்கள உக்காரச் சொல்றாரு."

அவர் சிரித்துத் தலையாட்டினார். நான் உட்கார்ந்தேன்.

காபி கொடுக்கும்போது அக்கா கேட்டார்: "டாக்டர் சொன்னது ஒண்ணும் வெளங்கல. நீங்க எழுதுனது வெளங்கிச்சு. எழுதுனதும் வீட்ல யாருக்காவது படிச்சுக் காட்டுவீங்களா?"

"ஆமாக்கா," என்றேன். பொய்.

லாஸ்பேட்டையில் என் வீட்டுக்குத் திரும்பிப் பூட்டைத் திறந்தேன். அடுத்த வாரக் கட்டுரையைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். என் குரல் யாருடையதோ போல் கேட்டது. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து தேவராசுக்குப் படித்துக் காட்டட்டுமா என்று அக்காவிடம் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் கேட்டால், என் வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்துவிடும்.