புகைபோக்கி விழுந்த காலை

மாப்ள,

பக்கத்து மனையில் வீடு கட்டச் சுண்ணாம்பு அரைக்கிறார்கள். அந்த ஈர வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் வேறு வேலை ஓடவில்லை. நம் மில் எழுந்த நாட்களின் வாடை அது. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ மேனேஜிங் டைரக்டர். உன் பேச்சை நம்பிச் சேர்ந்த டைரக்டர்களில் நானும் ஒருவன். ரயிலில் மதுரைக்கு வருகிறவன் ஊரைப் பார்க்குமுன் நம் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அடித்தளம் போட்ட காதர் கொத்தனார், நாம் கூடியிருந்த அறையின் வாசலில் நின்றபடியே சொன்னார்: "முதலாளி, அடியில கரிசலு. மழை பேஞ்சா ஊதிக்கிரும். இம்புட்டு ஒசரம் தாங்காது."

"மில்லு நடத்துறது நானா, நீயா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அவருக்குப் பதில் வேறு கொத்தனார் வந்தார்.

புகை எழுந்தது. நூல் நன்றாக விற்றது. அதன்பிறகு யார் சொல்வதும் உன் காதில் ஏறவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. புகைபோக்கியின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. "ரெண்டு நாள் மில்லை நிறுத்துவோம் மாப்ள" என்றேன்.

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூசி விடச் சொல்லு. நான் கட்டுனது விழுகாது."

பூசச் சொன்னவன் நான்தான்.

மூன்றாம் நாள் காலை, ஆட்கள் வேலைக்கு ஏறிய சற்று நேரத்தில், அது பஞ்சுக் கொட்டகை மேல் விழுந்தது. நீ செருப்பில்லாமல் ஓடி வந்து வெறுங்கையால் செங்கல்லை அள்ளினாய். செய்தி கேட்டுக் காதர் கொத்தனாரும் கடப்பாரையோடு வந்துவிட்டார். கொட்டகையில் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பேச்சியை நீங்கள் இருவரும்தான் வெளியே தூக்கினீர்கள். உயிர் இல்லை. அவளோடு இன்னும் மூன்று பேர்.

அவர் உன்னை ஒரு வார்த்தை ஏசுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பேச்சியின் முகத்தை மூடினார். பிறகு அடுத்த கல்லைப் புரட்டப் போய்விட்டார்.

அதற்குப்பின் நீ மில் வாசலை மிதிக்கவில்லை. மாலைதோறும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பாய், காபி ஆறிப்போகும். கண்ணை மூடுவதற்குச் சில நாள் முன்பு ஒரே ஒரு முறை கேட்டாய்:

"நான்தான் திமிரு புடிச்சு ஆடுனேன். நீ ஏன்டா என் சட்டையப் புடிச்சு நிறுத்தல?"

ஆறிய காபியைச் சூடாக்க எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பதில் என்னிடம் இருந்தது. உனக்கு வேண்டியவனாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது மாப்ள. அதை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது, படிக்க நீ இல்லாதபோது.