பொட்டு வைத்த பெட்டிகள்

காஜா பெராங், மலாக்கா.
சுபானு வருஷம், பங்குனி 12.
(1944 என்று போட்டால் குற்றமாம். சப்பான் கணக்கில் 2604 என்று போட வேண்டுமாம். எனக்கு இரண்டும் வேண்டாம்.)

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் சுந்தரி வணங்கி எழுதுவது. நானும் ஜெயாவும் உயிரோடு இருக்கிறோம், இரண்டு வேளை கஞ்சி குடிக்கிறோம். சயாம் காட்டில் ரயில் பாதை போடும் இடத்தில் நீங்கள் எந்த முகாமில் இருந்தாலும் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நான் போட்ட நாலு கார்டுக்கும் பதில் இல்லை. இது தபாலில் வரும் கடிதம் அல்ல. எங்கள் மருந்துக் கொட்டகையில் கம்பவுண்டராக இருக்கும் அப்துல் அஜீஸ் அண்ணனைச் சயாமுக்கு அனுப்புகிறார்கள். நாளைக் காலை லாரி ஏறுகிறார். சட்டையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் மனம் விட்டு எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஜெயாவுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சப்பான் பாட்டை அந்த ஓட்டை வாயோடு பாடிக்கொண்டே மரவள்ளிக் கிழங்கு உரிக்கிறாள். அவளுக்குத் துணி கிடைக்காமல் உங்கள் கோடு போட்ட சட்டையை வெட்டிக் கவுன் தைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைச் சட்டையைத் தொடவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சொல்லாமல் சுற்றி வளைக்கிறாள் என்று நீங்கள் இப்போதே முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது.

பதினைந்து வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தும், மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா குப்பியின் கழுத்தை உடைத்து ஊசியில் ஏற்றுவதுதான் உங்களுக்குத் தெரியும். அந்தக் குப்பி எப்படி மூடப்படுகிறது என்று கேட்டால் விழிப்பீர்கள். எனக்குத் தெரியும். பழைய ரப்பர் கிடங்கில் பன்னிரண்டு பெண்கள் அதைத்தான் செய்கிறோம். மருந்தை ஊற்றி, கண்ணாடிக் கழுத்தைத் தீயில் காட்டி உருக்கி மூடுவோம். பிறகு ஆவியில் வேக வைப்போம். சூடு ஆறுவதற்குள் நீலச்சாயம் கரைத்த குளிர்ந்த தண்ணீரில் போடுவோம். மூடியது சரியில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக இருந்தாலும், குளிரும்போது குப்பி அந்த நீலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்துக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே நீலம் தெரிந்தால் எறிந்துவிட வேண்டும். நீலம் போகும் வழியில் அழுக்கும் கிருமியும் போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப் பிடித்துப் பார்க்கும் வேலை என்னுடையது. என் கண்ணுக்குத் தப்பாது என்று அஜீஸ் அண்ணன் எல்லோரிடமும் சொல்வார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். பெட்டிகள் சயாமுக்குப் போகின்றன என்று தெரிந்த நாள் முதல், ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் யாருக்கும் தெரியாமல் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். உங்கள் கைக்கு ஒன்றாவது வராதா, இது என் சுந்தரி பார்த்து அனுப்பியது என்று நீங்கள் பயமில்லாமல் போட்டுக்கொள்ள மாட்டீர்களா என்ற ஆசை. போன கார்டில்கூட, “பொட்டைப் பாருங்கள்” என்று எழுதியிருந்தேன்.

அத்தான், அந்தப் பொட்டை நம்பாதீர்கள்.

தை மாதம் சாயப்பொடி தீர்ந்துபோனது. கேட்டால் அடி, வேலையை நிறுத்தினாலும் அடி. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நான்தான் முந்திக்கொண்டு யோசனை சொன்னேன். செட்டிக் கம்பத்து ருக்மணி அக்காள் பலகாரத்துக்கு நிறம் ஏற்றச் சங்குப்பூ பிழிவாளே, அதைப் பிழிந்து ஊற்றினால் என்ன என்றேன். வேலியெல்லாம் அந்தப் பூதானே. கூடை கூடையாகப் பறித்துக் காய்ச்சினோம். தண்ணீர் பழைய சாயத்தை விட நல்ல நீலமாக இருந்தது. மேஸ்திரிகூட முதுகில் தட்டிக்கொடுத்தார். பதினொரு நாள் அதில்தான் சோதித்தோம். அந்தப் பதினொரு நாளும் ஒரு குப்பிகூடக் கெட்டதென்று வரவில்லை. எங்கள் கை நன்றாகப் பழகிவிட்டது என்று பேசிச் சிரித்தோம்.

பன்னிரண்டாம் நாள் காலை ருக்மணி அக்காள் வீட்டில் ஜெயாவுக்கு விளையாட்டுக் காட்ட, சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தாள். நீலம் மறைந்து வெளிர் ரோஜா நிறமாகிவிட்டது. ஜெயா கைதட்டினாள். வேலைக்குப் போனதும் ஒரு குப்பியை உடைத்துப் பூத்தண்ணீரில் ஊற்றினேன். அதுவும் அதே மாதிரி வெளுத்தது. கொயினாவைக் கரைக்க அமிலம் சேர்க்கிறார்கள் என்று அஜீஸ் அண்ணன் அப்போதுதான் சொன்னார். ஓட்டைக் குப்பிக்குள் பூத்தண்ணீர் போயிருக்கிறது. போனதும் நிறம் மாறியிருக்கிறது. நான் நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எலுமிச்சை பட்டால் சங்குப்பூ வெளுக்கும் என்று இந்த ஊரில் பலகாரம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குப்பியைப் பிடித்துப் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அதற்குள் அந்தப் பெட்டிகள் எல்லாம் போய்விட்டன. நான் மேலே போய்ச் சொல்கிறேன் என்றேன். “தங்கச்சி, நீ வாயைத் தொறந்தா பன்னெண்டு பொண்ணுங்க கதையும் முடிஞ்சுது. சாமான் திரும்பி வரவா போவுது?” என்று அஜீஸ் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சொல்லவில்லை. பன்னிரண்டு பேருக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்கும் பயம்தான்.

ஆகையால் இப்படிச் செய்யுங்கள். நல்ல பெட்டியிலும் அதே பொட்டுதான் இருக்கிறது, பாழாய்ப்போன பெட்டியிலும் அதே பொட்டுதான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள், மருந்து கிடைக்காத காடு. ஒவ்வொரு குப்பியையும் வெள்ளைத் துணிக்கு எதிரே பகல் வெளிச்சத்தில் பிடியுங்கள். துளி ரோஜா நிறம் தெரிந்தாலும், லேசாகக் கலங்கி இருந்தாலும் எறிந்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் எறியுங்கள். நீங்கள் அவசரக்காரர், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

இன்னொரு செய்தி. உங்களோடு ஒரே வண்டியில் போன, தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி ராஜரத்தினம் போன வாரம் திரும்பி வந்துவிட்டார். இடது கால் இல்லை. இங்கிருந்த தண்டவாளத்தையும் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டதால் தம்பின் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வந்தாராம். பண்டார் ஹிலிரில் தங்கை வீட்டில் இருக்கிறார். என்னை வரச்சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. நேற்று அந்தத் தங்கையே வந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் ஜெயாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அண்ணன் நேர்லதான் சொல்லணும்னு இருக்காரு” என்றாள். எனக்கு வேலை இருக்கிறது, கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோயிலில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

நான் முட்டாள் இல்லை, அத்தான். ஆனால் ராஜரத்தினம் சொல்வதைக் கேட்டுவிட்டால் இந்தக் கடிதத்தை என்னால் எழுத முடியாது. எழுதாவிட்டால் அந்தப் பெட்டிகளைப் பற்றி அங்கே யார் சொல்வார்கள்? நாளை லாரி போனதும் பண்டார் ஹிலிருக்குப் போவேன்.

நீங்கள் முகாமில் இல்லையென்றால், உங்கள் இடத்தில் ஊசி போடுகிறவர் யாரோ அவரிடம் இதைக் கொடுக்கும்படி அஜீஸ் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐயா, இதைப் படிப்பது நீங்கள்தான் என்றால், உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, மன்னியுங்கள். அங்கே கிடக்கிறவர்களுக்கு ஊசி போடுமுன் நான் மேலே எழுதியபடி பார்த்துப் போடுங்கள். உங்களுக்கு முன்பு அங்கே டிரஸ்ஸராக இருந்தவர் காய்ச்சலில் எந்த ஊசி போட்டுக்கொண்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அது தை மாதத்துக்கு முன் வந்த பெட்டியா, பின் வந்த பெட்டியா என்றும் தெரிந்திருக்கலாம். உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அதை மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள்.

எல்லோரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
சிவகாமசுந்தரி.